ஒயரில் ஒன்றுமில்லை

தெப்பக்குளத்து வெயில் ஜன்னல் வழியே மைக்கேல்ராஜின் கட்டிலில் சரிந்து விழுகிறது. பக்கவாதத்தில் பேச்சிழந்த அவருக்கு அசைகிற ஒரே விரலின் கீழ் மகன் ஆல்பின் வைத்த அழைப்புமணி சுவிட்ச், விடிந்ததிலிருந்து மணியடிக்கவில்லை. சமையலறைச் சுவரிலுள்ள மணி போர்டு, இணைப்பு இருக்கிறதா என்று ஒயர் வழியே ஓயாமல் அதை எண் சொல்லிக் கூப்பிடுகிறது; சுவிட்சும் ‘இருக்கேன்’ என்று பச்சை விளக்கைச் சிமிட்டுகிறது. மடியில் மல்டிமீட்டரோடு தரையில் உட்கார்ந்திருக்கும் ஆல்பின், சுவிட்சின் மேல் அசையாமல் கிடக்கும் அப்பாவின் விரலை விலக்கித் தானே அமுக்குகிறான். சமையலறையில் மணியடிக்கிறது. “கேக்குது” என்கிறாள் அங்கிருந்து அவன் மனைவி ஹெப்சிபா. மறுபடி அமுக்குகிறான், மறுபடி அடிக்கிறது. அவள் அறைவாசலுக்கே வந்துவிடுகிறாள். “ஒயர்ல ஒண்ணுமில்லங்க.” அப்பாவின் கண்கள் அவனையே பார்க்கின்றன. அவன் நிமிரவில்லை. “எங்கயாச்சும் லூஸ் கனெக்ஷன் இருக்கும்” என்று முனகியபடி, புது ஒயரை எடுத்துப் பல்லால் உரிக்கத் தொடங்குகிறான்.