அண்ணாந்து கூப்பிட்டவள்

நரிக்குடிப் பக்கம், அறுப்பு முடிந்த ஒரு வயலில் எருவுக்காக ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள் சங்கிலியும் அவன் மனைவி வேலுத்தாயும். இருட்டுகிற நேரத்தில் விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகிற நாட்களில் சங்கிலியின் போன் மணியடித்துச் சொல்லும். மேற்கே முளைக்கும் வெளிச்சப்புள்ளி விறுவிறுவென்று கிழக்கே போய் மறையும்.

அதற்குள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து வேலுத்தாய்க்கு மனசு கேட்கவில்லை. சாப்பிடும்போது வழியே போகிறவர்களைக் கூப்பிடாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

“வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்று அண்ணாந்து சொல்வாள். சங்கிலி சிரிப்பான்.

நடக்கும்போதுகூடத் தலை தூக்காத சாதி செம்மறி. அவள் கூப்பிட ஆரம்பித்த பிறகு, புள்ளி வந்தால் கிடை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. அது போகிற பக்கமே அத்தனை முகமும் திரும்பும்.

அன்றைக்கு வானம் பூராவும் மேகம். மணியடித்தது. வேலுத்தாய் வழக்கம்போலக் கூப்பிட்டாள். மேற்கிலிருந்து திரும்பிக்கொண்டு வந்த ஆடுகளின் முகங்கள் வான உச்சியைப் பார்த்தபடி நின்றுவிட்டன.

“ஏன் நின்னுருச்சு?” என்றாள்.

“அது நிக்காது. இந்த மேகத்துல ஆட்டுக்கு என்ன தெரியும்? நீ சோத்தப் போடு.”

ஆடுகளின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. பனை உச்சிக்கு வந்தது. பிறகு ஓர் ஆள் உயரத்துக்கு. கடைசியில் வேலுத்தாய்க்கு எதிரே இருந்த வெறுந்தரைக்கு மேல் நிலைத்தது.

சங்கிலி சிரிக்கவில்லை. வேலுத்தாய் இன்னொரு தட்டைக் கழுவி அங்கே வைத்தாள்.

“உக்காருங்க” என்றாள்.

ஆடுகளின் தலைகள் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தன.