விரல் பட்டால் திறக்கும்

“விரல் பட்டதும் திறந்துக்கணும் பாய். பலம் குடுக்கவே வேண்டியிருக்கக் கூடாது” என்றாள் யூனிஸ்.

போலாரம் பஜாரில் சாணை பிடிக்கும் ஜாவீத் பாய் அந்த மடக்குக் கத்தியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பட்டாளத்துத் தமிழ்க் குடும்பங்களோடு பழகிப் பழகி அவருக்குத் தமிழ் வந்திருந்தது. “எதுக்கு அம்மா? நல்லாத்தானே இருக்கு. யாருக்கு இது?”

“என் வீட்டுக்காரருக்கு. அவருக்குத் தெரியவே கூடாது.”

பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். எதிரே நிற்பவளுக்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் பள்ளிக்கூட டீச்சரின் கைப்பை. வம்புக்காரியாகத் தெரியவில்லை. ஆனாலும், “நக்கோம்மா, வேணாம். வேற கடை பாருங்க” என்றார்.

அப்புறம்தான் அவள் விஷயத்தைச் சொன்னாள்.

அவள் கணவன் கிதியோனுக்கு ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் டூல்ரூம் வேலை. இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே முடி அளவு இடைவெளி இருந்தாலும் அவர் விரல் சொல்லிவிடும் என்பார்கள். நோய் அந்த விரலில்தான் தொடங்கியது. முதலில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பிறகு பேனா நழுவியது.

தசைக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன என்றார் டாக்டர். மாத்திரை கொஞ்சம் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கையில் தொடங்கியது ஒரு நாள் மூச்சுக்கும் வரும்.

கிதியோன் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும், வேலையில் சேர்ந்த புதிதில் வாங்கிய மடக்குக் கத்தியை எடுத்து மேஜைமேல் வைத்தார். காலையில் கம்பெனி பஸ் வருவதற்குள் அதைக் கொண்டு ஒரு கொய்யாப்பழம் நறுக்கிச் சாப்பிடுவது அவருடைய பழைய வழக்கம்.

“இதை நான் திறக்கிற வரைக்கும் மாத்திரை போடுறேன். திறக்க முடியாத அன்னிக்கு விட்டுடுவேன். அப்ப நீ என்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது யூனிஸ்.”

இப்போது சில நாட்களாக அவர் நகம் கத்தியின் பள்ளத்தில் நிற்காமல் வழுக்குகிறது. பல்லைக் கடித்துக்கொண்டுதான் திறக்கிறார்.

பாய் திருகாணியைத் தளர்த்தி, எண்ணெய் விட்டு, துடைத்துக் கொடுத்தார். “லேசா திறந்தா லேசா மூடும் அம்மா. சார்கிட்ட ஜாக்கிரதைன்னு சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றது பாய்?”

மறுநாள் காலை நகம் பட்டதுமே கத்தி திறந்துகொண்டது. கிதியோன் கத்தியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“ஸ்தோத்திரம். பாத்தியா, விரல்ல தெம்பு வருது” என்றார்.

யூனிஸால் ஸ்தோத்திரம் சொல்ல முடியவில்லை. அடுப்பைக் கவனிப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள். அவர் மாத்திரையை விழுங்கும் சத்தம் கேட்டது.

கை மெலிந்துகொண்டே வந்தது. அது மெலிய மெலிய, அவர் வேலைக்குப் போன பிறகு கத்தி அவளுடைய பைக்குள் ஏறி பஜாருக்குப் போய் வந்தது.

அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகள் ஆனி போன் செய்யும்போதெல்லாம், “அப்பா இன்னிக்கும் கத்தி திறந்தாரும்மா” என்று யூனிஸ் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அது பாதி உண்மையாகிவிட்டது. மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டாள். தூக்கமும் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பால் வாங்கப் போனவள் சீக்கிரமே திரும்பிவிட்டாள். மேஜைமேல் கத்தி மூடியபடி கிடந்தது. கிதியோன் அதைத் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய செருப்புச் சத்தம் கேட்ட பிறகுதான் எடுத்துத் திறந்தார்.

“இன்னிக்கும் ஆயிடுச்சு யூனிஸ்” என்றார்.

மழைக்காலம் முடியும்போது பாய் கையை விரித்துவிட்டார். “இதுக்கு மேல தளர்த்தினா கழண்டு கையோட வந்துடும் அம்மா.” இருந்தாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் திருகினார்.

மறுநாள் காலை, கிதியோன் எடுக்கும்போதே கத்தி தானாகத் திறந்து தொங்கியது. அவர் கொய்யாப்பழத்தின் மேல் வைத்து அழுத்தினார். பிடி நழுவியது. திறந்த அதே சுலபத்தோடு கத்தி மடங்கி, அவருடைய ஆள்காட்டி விரலின்மேல் மூடிக்கொண்டது.

யூனிஸ் ஓடிவந்து கத்தியை விலக்கி, முந்தானையால் விரலை இறுக்கிச் சுற்றினாள். இரத்தம் அதையும் நனைத்துக்கொண்டு வந்தது. விரலை எடுத்துக்கொள்ளக்கூட அந்தக் கையில் பலம் இல்லை. அவள் மடியில் அப்படியே கிடந்தது.

“கத்தி பழசாயிடுச்சுங்க. அதான். வேற வாங்கிடலாம். புதுசுன்னா இப்படி ஆகாது…” வாய்க்கு வந்ததை அவள் சொல்லிக்கொண்டே போனாள்.

வாசலில் கம்பெனி பஸ் வந்து ஹார்ன் அடித்தது. கிதியோன் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ் போய்விட்டது.

அவர் இடது கையால் அவள் தலையை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

“அந்தக் கடைக்கு இனிமே அலையாத யூனிஸ். நாளையிலருந்து நீயே நறுக்கிக் குடு.”