வடிவு எடுத்த நூறு

அணுக்கரு இணைவு உலையை இயக்கக் கற்றுத்தந்த அந்தக் கல்லூரியில், ஒவ்வொரு மாணவரின் பயிற்சி உலையும் அவரவர் சொந்தத் தெருவுக்கே மின்சாரம் தந்தது. அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பொறுப்பு வருமாம்.

செய்முறைத் தேர்வில் மாணவி வடிவின் உலைக்குள் கொதிக்கும் பிளாஸ்மா சுவரை நோக்கிச் சாய்ந்தது. உடனே அணைப்பதே விதி. வீட்டில் அப்பா செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அணைத்தாள்.

"நூத்துக்கு நூறும்மா," என்றார் தேர்வாளர் கனிவாக. "உனக்கு முன்னாடி வந்தவங்கெல்லாம் தயங்கிட்டாங்க."

"சீக்கிரம் திரும்பப் பத்த வைங்க சார். அப்பா மெஷின்ல இருக்கார், பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது."

"தோத்தவங்களுக்குத்தான் மறுமுயற்சி, அவங்க உலையை உடனே பத்த வைப்போம். நீ பாஸாயிட்ட, உன் உலை இனி நாளைக்குத்தான்."

"அப்போ என்னை ஃபெயில் பண்ணிடுங்க சார்."

"இவ்வளவு நல்லா செஞ்ச பிள்ளையை ஃபெயில் பண்ண எனக்கு மனசு வருமாம்மா?" என்று நெகிழ்ந்து சொல்லிவிட்டு, அவர் அடுத்த மாணவியை அழைத்தார்.