குருவிகள் உண்ணும் வரை

பிளந்த இலந்தைப் பழமொன்று அவள் மடியில் விழுந்தது.

நேற்று மதியத்திலிருந்து அவள் எதுவும் உண்ணவில்லை. ஆயினும் பழத்தைத் தொடவில்லை.

தலைக்கு மேலே, முட்கிளைகள் எங்கும், சூறைக்குருவிகள்.

கரிய தலை. இளஞ்சிவப்பு மார்பு. பாலைகளையும் மலைகளையும் கடந்து வந்தவை. இந்தக் கரிசல் ஓடைக்கரையில் ஒருவேளைப் பசியாற இறங்கியவை.

நீ எந்தத் தெரு என்று அவற்றை எவரும் கேட்டதில்லை.

அவள் அருகில் குறுகிக் கிடந்தவன் வேறு தெருவில் பிறந்தவன். அது ஒன்றே குற்றம். பதிவாளர் அலுவலகம் திறக்கும்வரை இருவரும் உயிரோடிருக்க வேண்டும். அதற்காகவே விடியுமுன் இந்தப் புதருக்குள் புகுந்தனர்.

குருவிகள் பழத்தைக் கொத்திப் பிளந்தன. உள்ளே நெளிந்த புழுவை எடுத்தன. சதையை உதறின.

சாலையில் வண்டிகள் வந்து நின்றன.

"எறங்கிப் பாத்துருவமா சித்தப்பா?"

அவளுடைய தம்பி, தவசி.

"எறங்கு. கைலி கிழிஞ்சு கோவணத்தோட வீட்டுக்குப் போ." சித்தப்பா சிரித்தார். "கோட்டிக்காரப் பயலே, குருவி எப்பிடி மேயுது பாரு. உள்ள ஆளிருந்தா ஒண்ணு ஒக்காருமா?"

உடன் வந்தவர்களும் சிரித்தனர். எவனோ ஒருவனின் அரிவாள் வண்டியில் உரசியது.

ஓர் எறும்பு அவளருகில் கிடந்தவனின் கழுத்தில் ஏறியது. காதருகே நின்று கடித்தது. அவன் கண்கள் நிறைந்தன. தலை அசையவில்லை.

அவள் துப்பட்டாவில் பச்சைப் புழு ஒன்று ஊர்ந்தது.

ஒரு குருவி தாழ்ந்த கிளைக்கு வந்தது. தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. புழுவைப் பார்த்தது.

எடுத்துக்கொண்டது.

அலகின் நுனியைத் துணியினூடே தோள் உணர்ந்தது. அத்தனை மெல்லிய தொடுகை. அவளுக்கு அழுகை வந்தது. அடக்கினாள்.

"கெளம்புங்கலே. ஓடைக்கு அங்கிட்டுப் பாப்பம்."

"நீங்க வண்டிய எடுங்க. ஒண்ணுக்கு இருந்துட்டு வாரேன்."

தவசி புதரை நோக்கி நடந்து வந்தான்.

குருவிகள் ஒரே வீச்சில் எழுந்தன.

ஆடிய கிளைகளின் இடையே வெயில் புகுந்தது. அவன் முதலில் கண்டது அவளுடைய பாதத்தை. பிறகு மடியிலிருந்த பழத்தை. பிறகு முகத்தை.

"என்னலே, பூராம் கெளம்பிருச்சு?" சித்தப்பாவின் குரலில் இப்போது சிரிப்பில்லை.

"நான் வந்தம்லா. அதான் பயந்துருச்சு."

"நீ ஒருத்தன் வந்ததுக்கா?"

கிளம்பவிருந்த வண்டிகளின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"அப்பிடியே அசையாம நில்லு. திரும்பி வந்து ஒக்காருதான்னு பாப்பம். ஒக்காரலேன்னா உள்ள ஆளிருக்கு."

தவசி நின்றான்.

இலந்தைக்கு மேலே குருவிக்கூட்டம் ஒருமுறை வட்டமிட்டது. விலகியது. மீண்டும் வளைந்தது.

ஓர் ஈ தவசியின் உதட்டில் வந்து அமர்ந்தது. அவன் அதை ஓட்டவில்லை. அக்காவையும் பார்க்கவில்லை. வானத்தையே பார்த்திருந்தான்.

அவனும் மூச்சை அடக்கியிருந்தான்.