மூன்றாம் பகுதி

"இந்த ஜிக் நடன மெட்டு யாருகிட்டேருந்து வந்தது?" என்று வானொலிக்காரர் பதிவின்போது கேட்டதற்கு, "நானே போட்டதுதான்" என்று ஃபின்டன் வாய் கூசாமல் சொல்லிவிட்டான்.

அது பதினோரு வருஷத்துக்கு முன்பு செத்துப்போன மாலக்கியின் மெட்டு. சதுப்பில் வெட்டி, அடுப்பெரிக்கக் காயவைத்த மண்கட்டிகளைத் தூசி பறக்க அடுக்கும்போது அவர் அதைச் சீட்டியடிப்பார். மொத்தம் மூன்று பகுதி. மூன்றாவது மட்டும் ஃபின்டனின் பிடிலுக்குப் பிடிபடவேயில்லை.

ஞாயிறு பூசை முடிந்து ஃபின்டனோடு எல்லோரும் மதுக்கடையில் கூடி வானொலியில் அந்தப் பதிவைக் கேட்டார்கள். மாலக்கியின் பெண்டாட்டி டிம்னாவும் வந்திருந்தாள். இரண்டாம் பகுதியோடு பிடில் நின்றது. ஒரு சீட்டி மூன்றாம் பகுதியை எடுத்தது.

"அடப்பாவி, உனக்குச் சீட்டிகூட வருமா? சொல்லவேயில்லையே!" என்று கடைக்காரர் ஃபின்டனின் முதுகில் தட்டினார்.

முன்பற்கள் போனதிலிருந்து ஃபின்டனுக்குச் சீட்டி வராது. வாயை மூடிக்கொண்டு சிரித்துவைத்தான்.

சீட்டி பாதியில் நின்று, யாரோ இருமினார்கள். அப்புறம் வானொலியில் ஃபின்டனின் குரல் கேட்டது: "நானே போட்டதுதான்."

டிம்னா ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றினாள். "தூசியில நின்னு சீட்டியடிக்காதீங்கன்னா கேட்டாத்தானே" என்று முணுமுணுத்தபடி, ஃபின்டனுக்குப் பக்கத்துக் காலி நாற்காலியின் முன்னால் அதை வைத்தாள்.

ஃபின்டன் தலைநிமிராமல் தன் நாற்காலியைத் தள்ளிப்போட்டு இடம் விட்டான்.