ஓடும்போது ஒட்டுவது

திரையில் ஏழு ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு. அதன் கீழே ஏழு. அதன் கீழேயும் ஏழு.

ஏழாம் வாய்ப்பாட்டைக் கம்ப்யூட்டரில் வரவழைக்கச் சொல்லியிருந்தார்கள். ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று எழுபது வரை வந்து நிற்க வேண்டும். அவன் எழுதிய புரோகிராம் முதல் ஏழிலேயே மாட்டிக்கொண்டது. நகரவும் இல்லை, நிற்கவும் இல்லை.

தப்பு எங்கே என்று பார்த்துவிட்டான். சுற்றுக்கு ஒன்று கூட்டு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். விட்டுப்போயிருந்தது. சேர்த்தான்.

ஏழு.

சேர்த்ததை அழித்தான். ஒரு வரி தள்ளி மறுபடி எழுதினான்.

ஏழு.

உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

இன்றைக்குப் பரீட்சை. இதில் தேறினால் அடுத்த வகுப்பு. அதுவும் முடிந்தால் புரோகிராம் எழுதுகிற வேலை நிச்சயம் என்று மாடிப்படியில் போர்டு மாட்டியிருக்கிறார்கள். போர்டில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கீழே பரோட்டாக் கடைக்காரனும்தான் சுத்தமான எண்ணெய் என்று எழுதி வைத்திருக்கிறான்.

தேறாவிட்டால் மில்.

மில் வேன் கீழே முக்கில்தான் வந்து நிற்கும். லீவு போட்டதெல்லாம் போதும், இன்றைக்கு இரண்டாம் ஷிப்டுக்கு வராவிட்டால் உன் மிஷினுக்கு வேறு ஆள் என்று செங்கோடன் மேஸ்திரி காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற ஆள்.

நாற்காலிக்கு அடியில் பை இருந்தது. பையில் காக்கிச் சட்டை, மூக்கில் கட்டும் துண்டு, ராத்திரிச் சாப்பாட்டுத் தூக்கு. எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்தான். இவர்களையும் முழுசாக நம்ப முடியாது, அவர்களையும் முழுசாக விட முடியாது.

இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கிவிட்டது, மில்லை விட்டுவிடு என்றார் டாக்டர். விட்டுவிட்டு எங்கே போவது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லித் தர டாக்டருக்கு யாரும் படிப்பு வைக்கவில்லை போல.

பக்கத்துப் பிள்ளைகள் நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், வாய்தான் சும்மா இருக்காது. அவன் எதைப் பேசினாலும் கத்திப் பேசுவான் என்பதால், மாமா காதில் பஞ்சா என்று கேட்டுச் சிரிப்பார்கள். பஞ்சுதான். மில் சத்தத்துக்கு வேறெதை வைப்பது?

அந்தப் பிள்ளைகளுக்கும் தப்பு வந்தது. டக்கென்று நிறுத்தினார்கள். திருத்தினார்கள். மறுபடி ஓட்டினார்கள்.

அவன் நிறுத்தவில்லை.

மில்லில் நூல் அறுந்தால் மிஷினை நிறுத்தக் கூடாது. மற்ற நூற்கதிரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்க, அறுந்த இடத்தில் மட்டும் கையை விட்டு, நுனியைப் பிடித்து ஒட்ட வேண்டும். ஓட ஓட ஒட்ட வேண்டும். அதுதான் அங்கே வேலை. நிறுத்தியவனை மேஸ்திரி எல்லார் முன்னாலும் கேட்பார், உங்கப்பன் வீட்டு மிஷினா என்று. அவன் ஒருநாளும் அந்தப் பேச்சு வாங்கியதில்லை.

ஏழு. ஏழு. ஏழு.

ஓடுகிற ஏழைப் பார்த்துக்கொண்டே அதே வரியை மூன்றாவது இடத்தில் எழுதினான்.

கண்காணிப்புக்கு நின்றது நித்யகலா. சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். அவன் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். பரீட்சையில் வாய் திறக்கக் கூடாது. பின்னால் வந்து நின்றாள். போனாள். திரும்ப வந்தாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"ஏனுங்ணா, நிறுத்திட்டு ஓட்டுங்க. ஓடறப்ப நீங்க திருத்தறது அதுக்குத் தெரியாது."

"நிறுத்தலாமுங்களா?"

அவனுக்கு அது மெல்லிய குரல். அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நித்யகலா அதற்குள் அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள்.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு சிவப்புக் கட்டம். மில்லிலும் நிறுத்துகிற பொத்தான் சிவப்புதான்.

கீழே வேன் ஹாரன் அடித்தது.

மவுஸ் அம்பைக் கட்டத்தின் மேல் கொண்டுபோய் வைத்தான். விரல் இறங்க மறுத்தது. சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. மேஸ்திரியாகத்தான் இருக்கும்.

அழுத்தினான்.

ஏழு நின்றது.

யாரும் கத்தவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தான். யாரும் எதுவும் கேட்கவில்லை.

தேவையில்லாத வரிகளை அழித்தான். மறுபடி ஓட்டினான். ஏழு, பதினாலு, இருபத்தொன்று. எழுபது வந்ததும் தானாக நின்றுகொண்டது.

மறுபடி ஹாரன். டிரைவர் தெரிந்தவன். வழக்கமாக ஒருதரம்தான் அடிப்பான்.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது.

காலால் பையைத் தேடினான். வார் பாதத்தில் மாட்டியது. இழுக்கப் பார்த்தான். பிறகு சுவரோரமாகத் தள்ளிவிட்டான்.

வேன் கிளம்பும் சத்தம் அவன் காதுக்கே கேட்டது.

தேறினானா என்று நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

பரீட்சை முடிந்து பிள்ளைகள் படியில் தடதடவென்று இறங்கிப் போனார்கள். அவன் பையோடு பாதிப் படியில் உட்கார்ந்தான். எழுந்தான். கீழே போய் முக்கைப் பார்த்தான். வேன் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டியிருந்தது.

திரும்ப வந்து போர்டுக்கு அடியிலேயே உட்கார்ந்து தூக்கைத் திறந்தான்.

ராத்திரிச் சாப்பாடு. வெயில் இன்னும் சாயவில்லை.