ஐந்நூறு பேர் தேவை

"அந்தப் பெரிய நன்கொடை திடீர்னு நின்னா என்ன பண்ணுவீங்க, மேடம்?" என்று கேட்டார் ஆடிட்டர்.

இலவச ஆம்புலன்ஸ் அறக்கட்டளையின் செயலாளருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருந்த இரண்டு வண்டிகளில் ஒன்று, பெயர் சொல்லாத யாரோ ஒருவர் மாதாமாதம் அனுப்பும் பணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்ல வார்த்தை சொல்லுங்க சார்!"

"காலம் சரியில்ல. ஒருத்தரையே நம்பாம, மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கிற ஐந்நூறு பேரைப் பிடிங்க."

அன்றே ஆரம்பித்தார்கள். வண்டியில் போய்ப் பிழைத்தவர்களுக்கெல்லாம் ஃபோன் பறந்தது. அவர்களும் அண்ணன், மச்சினன், சம்பந்தி என்று ஆள் சேர்த்துவிட்டார்கள். செயலாளரைவிட ஆடிட்டர்தான் அதிகம் பரபரத்தார். மூன்றாவது வாரம் ஐந்நூறாவது ஆளும் சேர்ந்ததும் செயலாளர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"சார், இனிமே அந்தப் புண்ணியவான் கையை விரிச்சாலும் வண்டி நிக்காது!"

"இப்பதான் மேடம் எனக்கு மூச்சே வருது" என்று சிரித்தார் ஆடிட்டர். "என் ஆபீஸை மூடப்போறேன். அடுத்த மாசத்துலேருந்து என்னால அவ்வளவு அனுப்ப முடியாது."

செயலாளர் பொத்தென்று மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆடிட்டர் கூச்சத்துடன் கேட்டார்: "ஐந்நூத்தி ஒண்ணாவது ஆளா என்னைச் சேர்த்துக்குவீங்களா?"